கழுவி வந்த சிலேட்டுகள்

சத்தியவேடு,
12-11-1960

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? கர்த்தர் கிருபையால் நான் சுகம். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

வாந்திபேதிக்காகப் பள்ளிக்கூடத்தை மூடி மூன்று வாரமாகிறது. இந்த ஊர் ஆந்திராவில் சேர்ந்த பிறகு, தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்தால் வகுப்பையே எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. அதனால் பிள்ளைகளின் சிலேட்டுகளை வாங்கி, தினமும் கணக்கு எழுதி, தலையாரி முனிகிருஷ்ணனின் கூடையில் அனுப்புகிறேன். அவர்கள் விடை எழுதித் திருப்பியனுப்ப வேண்டும்.

முதல் நாள் பதினொரு சிலேட்டும் வெறுமையாக வந்தன. தலையாரியைக் கேட்டேன். "டீச்சரம்மாவுக்கு நோவு ஒட்டிக்கக் கூடாதுன்னு அம்மாக்காரிங்க சுண்ணாம்புத் தண்ணில கழுவிக் குடுக்கறாங்கோ" என்றார். வேண்டாமென்று சொல்லியனுப்பியும் கேட்கவில்லை. தினமும் கழுவித்தான் வருகிறது. எனக்கும் அலுத்துவிட்டது.

நேற்று மூன்றாம் வகுப்பு அலர்மேல்மங்கையின் சிலேட்டில் மட்டும் விடை இருந்தது. கழுவினாலும் போகாதபடி ஆணியால் ஆழமாகக் கீறியிருக்கிறாள். இனி அதில் வேறு கணக்கு எழுத முடியாது. பரணில் என் பழைய சிலேட்டு இருந்தால் அவளுக்காக அனுப்புங்கள், ஓரம் உடைந்திருந்தாலும் பரவாயில்லை. கூடவே அம்மா கையால் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

தலையாரி வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன். கணக்கு வாத்தியாராக இருந்தவர் நீங்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் கீறிய விடை தப்பு. நான் சரி என்று குறி போட்டுவிட்டேன்.

உங்கள் மகள்,
ஞானமணி