கூழும் காகிதமும்

3 பிப்ரவரி 2025, திங்கள்

இரண்டு நாடுகளின் காகித ஏற்றுமதியை ஒப்பிட்டு அறிக்கை. பத்து வருடக் கணக்கு. இந்தோனேசியா என் பங்கு, இந்தியா நதியாவின் பங்கு. அவள் சென்னை அலுவலகத்தில், நான் புதூர்நாட்டில். காகித மில்லில் வேலை போனபின் கிடைத்தது இதுதான். வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். வீட்டில் சிக்னல் இல்லை என்று நான் சொல்லவில்லை. தினமும் நான்கு மணிக்குத் தண்ணீர் டேங்க் அடியில் நிற்பேன், அவள் கூப்பிடுவாள். எண்கள் முடிந்ததும், "இன்னிக்கி இன்னா கொழம்புங்க?" என்பாள். அதற்கும் அறிக்கைக்கும் என்ன சம்பந்தம்?

6 பிப்ரவரி

அக்காவின் பிரசவத்துக்கு அம்மா ஆலங்காயம் போய்விட்டாள். நான் மட்டும். டேங்க் அருகே ஷேர் ஜீப் ஓட்டும் ராஜாக்கண்ணு வண்டியை நிறுத்தினான்.

"இன்னா சார், இந்தோனேசியா இன்னா சொல்லுது?"

"நம்மள தாண்டி எங்கியோ போய்டுச்சி."

"என் வண்டியவே நடந்து போறவன்லாம் தாண்டிப் போறான். வுடு சார்."

நதியாவைத் தவிர இன்று நான் பேசியது இவ்வளவுதான்.

11 பிப்ரவரி

இந்தோனேசியா இத்தனை மடங்கு இருக்க முடியாது. நதியா எதையோ விட்டிருக்கிறாள். கேட்டேன்.

"மூணு வாட்டி பாத்துட்டேங்க. உங்க பக்கம் ஒருக்கா பாருங்களேன்."

என் பக்கமா? காகிதத் தொழில்நுட்பம் படித்தவன் நான். அவள் பி.காம்.

12 பிப்ரவரி

மேலாளர் ஜீவானந்தத்துக்கு மெயில், அவளுக்கும் நகல். "இந்தியப் பகுதியை நம்ப முடியாது. தயாரித்தவருக்குக் காகிதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது." உள்ளதைத்தானே எழுதினேன்?

நான்கு மணிக்குப் போன் வரவில்லை.

13 பிப்ரவரி

இன்றும் இல்லை.

17 பிப்ரவரி

தப்பு என்னுடையது.

ஏற்றுமதிக் கணக்கில் மரக்கூழுக்குத் தனித் தலைப்பு, காகிதத்துக்குத் தனித் தலைப்பு. நான் இந்தோனேசியாவின் இரண்டையும் கூட்டி வைத்திருக்கிறேன். மில்லில் கூழ் என்றால் எனக்கு இன்னும் காயாத காகிதம். ஒரு முனையில் கூழ், மறுமுனையில் ரோல். நடுவிலேயே எடுத்து யார் விற்பார்கள் என்று — விக்கிறான்டா, கப்பல் கப்பலா விக்கிறான்! நதியா காகிதத்தை மட்டும் எடுத்திருக்கிறாள். "கூழ் சேர்க்கப்படவில்லை" என்று அடிக்குறிப்பும் போட்டிருக்கிறாள். படிச்சியா நீ? படிக்கல. இன்னா திமிரு.

கூழைக் கழித்தாலும் இந்தோனேசியாதான் முன்னால். ஆனால் நம்பும்படியான தூரத்தில்.

18 பிப்ரவரி

தவறை ஒப்புக்கொண்டு இருவருக்கும் மெயில் அனுப்பினேன். பிறகு நானே அவளைக் கூப்பிட்டேன். இதுதான் முதல்முறை.

"பரவால்லைங்க. என்னைப் போன வாரமே துணி ஏற்றுமதிக்கு மாத்திட்டாங்க."

"என் மெயிலாலயா?"

"வேற எதால?"

அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. இன்னா கொழம்பு என்றும் கேட்கவில்லை.

20 பிப்ரவரி

ஜீவானந்தம் சார்: "இனிமே ரெண்டு நாடும் நீயே பாரு. உனக்கு ஆள் போட்டா அந்த ஆளும் ஓடிடும்."

24 பிப்ரவரி

எண்களைச் சரிபார்க்க ஒருவர் வாசிக்க வேண்டும், ஒருவர் பார்க்க வேண்டும். இந்தியாவின் பத்து வருடத்தையும் வாசித்துப் போனில் பதிவு செய்தேன். அதை ஓடவிட்டுத் தாளில் டிக் அடித்துக்கொண்டிருந்தேன். இடையில், "இரு, திரும்பச் சொல்றேன்" என்றது என் குரல். "ம், சொல்லு" என்றேன்.

நிமிர்ந்தால் வாசலுக்கு வெளியே அம்மா. கையில் பை. ஆலங்காயம் பஸ்ஸில் வந்து எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"உள்ள வாம்மா. ஏன் அங்கியே நிக்கற?"

"வூட்டுக்கு யாரோ வந்துகிறாங்க, பேசினுகிறீங்கன்னு நின்னுட்டேன்டா" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. "யாரு?"

போனை நிறுத்தினேன்.