வாக்கெடுப்புக்குப் பிறகு பேசலாம்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, கோபம்தான் குறையவில்லை. நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு அக்காவும் தம்பியும் கடிதம் எழுதிக்கொள்வதா என்று கேட்கிறாள். நான் என்ன செய்ய? “நகர மன்ற உறுப்பினரும் ஆலோசனைக் குழுத் தலைவியும் போன்லயே பேசி முடிச்சுட்டாங்கன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது. குழு விஷயம்னா எழுதிடுக்கா” என்று சொன்னவன் நீதான்.

மன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் இந்த மக்கள் பங்கேற்புக் குழுவில் ஆள் குறைகிறது என்று என்னைச் சேர்த்துவிட்டவனும் நீதான். சம்பளம் கிடையாது, டீகூட எங்கள் காசு. “சும்மா வந்து உக்காருக்கா” என்றாய். உட்கார்ந்து பார்த்தேன், சும்மா இருக்க முடியவில்லை. பஸ் ஓட்டுநர், கணக்கு வாத்தியார், ஒரு கல்லூரிப் பெண், நான் எல்லோரும் வேலை முடிந்து வந்து, மன்றக் கூட்டத்துக்கு ஜனங்கள் ஏன் வருவதில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம். என் தையல் கடைக்கு வருகிறவர்களிடமும் கேட்டேன். அளவெடுக்கும்போது யாரும் ஓடிவிட முடியாதே.

எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பஸ் நிறுத்தத்தை நீங்கள் எதிர்ப்பக்கம் மாற்றிய அன்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. முதலில் உறுப்பினர்கள் நீங்கள் கை தூக்கி வாக்களித்து முடித்தீர்கள். அப்புறம் தலைவர், “இப்ப பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூணு நிமிஷம்” என்றார். டயாலிசிஸுக்கு வரும் அந்தம்மா, சாலையைக் கடக்க முடியவில்லை என்று அழுதார். நீயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். முடிந்த கதைக்கு அழுவதற்கு இனி யார் வருவார்கள்?

எங்கள் பரிந்துரை ஒரே வரி: மக்கள் முதலில் பேசட்டும், அப்புறம் கை தூக்குங்கள். அடுத்த மாதம் உங்கள் முன் வருகிறது. உன்னைப் பார்த்துத் தூக்குகிற கைகளும் அங்கே உண்டு. நீ தூக்கு.

உன் அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு மாத்திரை நாளை என் மருந்துக் கடைப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். திட்டையும் அவனிடமே கொடுத்தனுப்பச் சொல்.

பரிந்துரையைப் படித்தேன். தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்ததில்லை. குப்பை வண்டி நேரம் மாற்றியதற்கே ஒருவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு போனார். முதலில் பேச விட்டால் நாங்கள் கை தூக்குவதற்குள் மண்டபம் ரணகளமாகிவிடும் என்று மற்றவர்கள் பயப்படுகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை அக்கா, பயந்தவர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. உன்னிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. கோடையில் தலைவர் பதவி மாறுகிறது, என் பெயர் அடிபடுகிறது. தலைவர் நேற்று மருந்துக் கடைக்கே வந்து, “உங்க அக்காவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க தம்பி” என்று காதைக் கடித்துவிட்டுப் போனார். ஆறு மாதம் தள்ளிப் போடு. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் நானே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 1

அன்புத் தம்பிக்கு,

நீ தலைவரானால் தெருவிலேயே அதிகமாகச் சந்தோஷப்படுபவள் நான்தான். அதற்காக இதைத் தள்ளிப் போட முடியாது.

ஆறு மாதம் பொறுக்கலாமா என்று குழுவில் கேட்டேன். ஓட்டுநர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கல்லூரிப் பெண், “அப்ப நாம எல்லாரும் ஒப்புக்குச் சப்பாணியா ஆன்ட்டி?” என்றாள். மன்றம் எங்கள் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டமில்லை, தெரியும். ஆலோசனை சொல்வதுதான் எங்கள் வேலை. அதையும் நாங்களே மென்று விழுங்கிவிட்டால் எதற்கு இந்தக் குழு?

என்னைப் பிடிவாதக்காரி என்பாய். கூடப் பிறந்தது, என்ன செய்ய? நீயும் கூடப் பிறந்தவன்தான், உன்னையும் விட மாட்டேன்.

நீ வேண்டாம் என்று கை தூக்கினால் எனக்கு வலிக்கும். சொல்லிவிட்டேன்.

அக்கா

மார்ச் 22

அக்காவுக்கு,

போனை நீ எடுக்கவில்லை. இது குழு விஷயம் என்றுதானே எடுக்கவில்லை? எழுதுகிறேன்.

செயலாளர் பரிந்துரையைப் படித்தார். ஏற்க வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். எல்லாக் கையும் உயர்ந்தது. என் கையும். அதற்குப் பிறகுதான் உன்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எதைச் சொன்னாலும் பதில் சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தேன். நீ மைக்கிடம் வந்து, “கை இறங்கின பிறகு என் வாய் எதுக்குங்க?” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாய். மண்டபமே சிரித்தது. தலைவரும் சிரித்தார். எனக்கு மட்டும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

நேற்று விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். முடிந்த தீர்மானத்தை மறுபடி எடுக்கச் சொல்லலாம். ஆனால் வென்ற பக்கம் கை தூக்கியவர்தான் கேட்க முடியும். அந்தப் பக்கம்தான் நான் இருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன். இன்னொரு உறுப்பினர் வழிமொழிய வேண்டும். ஒருவரிடமும் முன்கூட்டிப் பேசவில்லை. பேசினால் யாராவது என் மனதைக் கரைத்துவிடுவார்கள்.

நாற்காலி போய்விடும் என்று தெரியும். நீ வா அக்கா.

தம்பி

ஏப்ரல் 19

என் அன்புத் தம்பிக்கு,

நேற்று கூட்டம் முடிந்ததும் நீ பின்பக்கக் கதவு வழியாகப் போய்விட்டாய். உன் கடை ஷட்டரும் இறங்கியிருந்தது. குழு விஷயம்தான், ஆகவே எழுதுகிறேன்.

நீ எழுந்து, அந்தத் தீர்மானத்தை மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்டாய். “வழிமொழிபவர் உண்டா?” என்று தலைவர் கேட்டார். ஒருவர் கண்ணாடியைத் துடைத்தார், ஒருவர் தண்ணீர் குடித்தார். உன்னைப் பார்த்துக் கை தூக்குகிறவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ தனியாக நின்றாய். பிறகு நீ உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாய், கடைசிவரை நிமிரவில்லை. அதனால் உனக்குத் தெரியாது.

பார்வையாளர் வரிசையில் நான் கையைத் தூக்கினேன். என் கை கணக்கில் வராது என்று தெரியாமல் இல்லை. என்னால் சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் ஓட்டுநர் தூக்கினார். கல்லூரிப் பெண் தூக்கினாள். பின் வரிசையில் டயாலிசிஸ் அம்மா தூக்கினார். திரும்பிப் பார்த்தால், தம்பி, வந்திருந்த அத்தனை பேரும். “பொதுமக்கள் வழிமொழிய முடியாதுங்க, கையை இறக்குங்க” என்றார் தலைவர். ஒருவரும் இறக்கவில்லை. கூட்டத்தின் அடுத்த பொருளை அவர் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டேதான் படித்தார்.

உன்னை யாரும் வழிமொழியவில்லை என்று நினைத்துக்கொண்டு நீ தூங்கியிருப்பாய். அப்படி இல்லை.

அக்கா