நடைபாதையை அளந்த டேப்

ஜூலை 4

குடிமையியலைப் புத்தகத்தில் நடத்தி எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. இன்று எட்டாம் வகுப்பைப் பள்ளி வாசலுக்கே ஓட்டிக்கொண்டு போனேன். நடைபாதை முழுக்கக் கடைகள். பிள்ளைகள் வண்டிகளுக்கு நடுவே நடக்கிறார்கள். "இதுக்கு யாருக்கு மனு போடணும்?" என்றேன். என்ன சத்தம்!

அளக்க டேப் இல்லை. 'அச்சு' ஓடிப்போய்த் தன் அம்மாவிடம் இரவல் வாங்கி வந்தாள். அச்சடித்த மாதிரி எழுதுவதால் அவளுக்கு அந்தப் பேர். அவள் அம்மா வாசலோரம் தையல் மெஷின் போட்டிருக்கிறார். "நல்லா அளங்க கண்ணுங்களா" என்று சிரித்தார்.

ஜூலை 9

நகராட்சிக்கான மனுவை அச்சுதான் எழுதினாள். பாதியில் பேனாவை வைத்துவிட்டு, "டீச்சர், எங்கம்மா மெஷினும் இதுல வருமா?" என்றாள்.

"அட, மனு போட்டதும் வந்துடவா போறாங்க? நீ எழுதும்மா."

எழுதினாள்.

ஜூலை 23

வந்துவிட்டார்கள், லாரியோடு. பிள்ளைகள் ஜன்னலில் நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன் — ஐயோ, நானும்தானே தட்டினேன்! தையல் மெஷினைத் தூக்கியபோதுதான் கை நின்றது. அச்சு இடத்தைவிட்டு எழவே இல்லை.

"கலக்கிட்டீங்க டீச்சர்" என்று தலைமையாசிரியை இனிப்பு நீட்டினார். வாங்கி அப்படியே மேசையில் வைத்துவிட்டேன்.

நடக்காது என்று நினைத்ததையா இத்தனை நாள் பாடமாக நடத்தினேன்?

ஜூலை 24

அச்சு வரவில்லை.

ஜூலை 29

இன்றும் வரவில்லை. வீட்டுக்கே போனேன். ஒரே அறை. மெஷின் இன்னும் ஆபீசில்தானாம். அம்மா கையால் தைத்துக்கொண்டிருந்தார், மகள் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "இவ எழுத்து அழகா இருக்காமே டீச்சர்? மெஷின எடுத்துட்டுப் போன ஆபீசரே சொன்னாரு."

குத்திக் காட்டவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். என்னால் தாங்க முடியவில்லை. வந்த விஷயத்தைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். என்ன மனுஷி நான்!

ஆகஸ்ட் 6

அச்சு வந்தாள்! வந்ததும், "அம்மாவோட டேப் உங்ககிட்டதான் இருக்கு டீச்சர்" என்றாள். என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது, ஒரு மாதமாக.

நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நடைபாதையை மறுபடி அளந்தாள். ஆறடியில் மெஷினுக்குச் சுவரோரம் இரண்டடி போதும், நடக்க நாலடி மிச்சம். "மெஷினையும் இடத்தையும் கேட்டு மனு போடறோம். வகுப்பாசிரியர் கையெழுத்து வேணும் டீச்சர்."

எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடியேதான். "எச்.எம்.கிட்ட கேட்டுட்டுப் போடறேன்" என்றேன்.

ஆகஸ்ட் 7

"நாமளே எடுக்கச் சொல்லிட்டு நாமளே வைக்கச் சொல்றதா? ஊரே சிரிக்கும்" என்றார் தலைமையாசிரியை. தலையாட்டிவிட்டு வந்தேன். பிள்ளைகளிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 8

சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

செப்டம்பர் 18

மெஷின் சுவரோரம் வந்துவிட்டது. அனுமதிக் கடிதத்துக்குப் பக்கத்தில் மனுவின் நகலையும் மாட்டியிருக்கிறார்கள். அதே அச்சு எழுத்து. கீழே முப்பத்தோரு பிள்ளைகளின் கையெழுத்து. கடைசியில் 'வகுப்பாசிரியர்' என்று எழுதி, எதிரே வெறுமையாக விட்டிருந்தது.

"உக்காருங்க டீச்சர்" என்று அந்த அம்மா ஸ்டூலை நகர்த்தினார். உட்காரவில்லை.

"ஏம்மா அந்த இடத்தைக் காலியா விட்டே?" என்று அச்சுவிடம் கேட்டேன்.

"கேட்டுட்டுப் போடறேன்னு சொன்னீங்களே டீச்சர், அதான்."