ஸ்பேர் கண்ணாடி

மே 4, ஞாயிறு

வெயில். ஃபேன் காற்றே சுடுகிறது. தோல் பதனிடும் டேனரி வாடை வேறு, காற்று இன்று இந்தப் பக்கம்.
செய்ய வேண்டியவை: யூனிஃபார்ம் இஸ்திரி. லென்ஸ் கழுவும் மருந்து தீரப் போகிறது, வாங்க. அப்பாவுக்குச் செருப்பு.

நான்கு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார், குடியாத்தத்திலிருந்து. பையனுக்குப் பெங்களூரில் வேலை. அம்மா காலையிலிருந்து உட்காரவே இல்லை. சோஃபா உறையை மூன்று தடவை மாற்றியாயிற்று. மூன்று மணிக்கு என் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணாடிய கழட்டு. அந்த லென்ஸ போட்டுக்க."

"முக்கால் பவர்தான்மா. இதுக்கு யாராச்சும் வேணான்னு சொல்வாங்களா?"

"இங்க சொல்ல மாட்டாங்க. ஊட்டுக்குப் போயி யோசிப்பாங்க."

போட்டுக்கொண்டேன். அம்மாவுக்காக என்று எழுதினால் பொய். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. கண்ணாடி போட்டால் ஸ்கூல் டீச்சர் மாதிரி இருக்கிறேன்.

பையன் பரவாயில்லை. அதிகம் பேசவில்லை, பஜ்ஜி மட்டும் நன்றாகச் சாப்பிட்டார். அவர் அம்மா நல்ல மாதிரி. என்னைப் பார்த்துக் கேட்டார்: "பைலட்டுன்னா கண்ணு சுத்தமா இருக்கணும் இல்ல? கண்ணாடி கிண்ணாடி போட்டா எடுக்கவே மாட்டாங்களாமே?"

அம்மா முந்திக்கொண்டாள். "ஆமாங்க, அதெல்லாம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு."

அப்படி ஒன்றும் இல்லை. கண்ணாடி போடலாம், லென்ஸும் போடலாம். பார்வையைச் சரிசெய்துகொண்டுதான் ஓட்ட வேண்டும், லென்ஸ் போட்டால் ஸ்பேர் கண்ணாடி கையில் இருக்க வேண்டும். மெடிக்கல் டெஸ்ட்டில் எனக்குப் போட்ட நிபந்தனை அவ்வளவுதான். சொல்லியிருக்கலாம். தட்டில் இருந்த கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணைப் புகழ்ந்தார்கள், அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். சே.

மே 5, திங்கள்

சாயங்கால வண்டியில் சென்னை. ஜன்னல் சீட். அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம், உப்பு ஜாஸ்தி. வேறு ஒன்றும் இல்லை. அறைக்கு வந்ததும் தூக்கம்.

மே 6, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

விடியற்காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது பையில் கண்ணாடிக் கூடு இல்லை. மூன்று ஜிப்பும் பார்த்தேன். அம்மாவுக்கு போன்.

"பீரோல இருக்கு, பொடவைக்கு அடில. அவங்க பாட்டுக்கு உன் பையில எதுனா பாத்துட்டா? அதான் எடுத்து வெச்சேன். திருப்பி வெக்க மறந்துட்டேன். அவசரமா?"

"இல்லம்மா, பரவால்ல."

அந்த நேரத்தில் எந்தக் கண்ணாடிக் கடை திறந்திருக்கும். கேப்டனிடம் சொன்னால் எனக்குப் பதில் வேறு ஆளைத் தேட வேண்டும், விமானம் தாமதம், ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். பெண் பார்க்க வந்தார்கள், அம்மா ஒளித்து வைத்தாள் என்று ஆபீஸில் யாரிடம் சொல்வது? முக்கால்தானே, லென்ஸ் போட்டிருக்கிறேனே, ஒரு நாள்தானே.

கேப்டன் எப்போதும் கேட்பார். பெரியவர், எதையும் விடமாட்டார். "ஸ்பேர் கண்ணாடி இருக்கா?"

"இருக்கு சார்."

வணக்கம் சொல்வதுபோல் வந்துவிட்டது வாயில்.

தூத்துக்குடி. இறக்க வேண்டியது என் முறை. காக்பிட் காற்று எப்போதும் வறண்டது, வலது கண் முன்பே உறுத்திக்கொண்டிருந்தது. இறங்க ஆரம்பித்த பிறகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தேய்த்தேன். லென்ஸ் சுருண்டு ஓரத்துக்குப் போய்விட்டது. எடுக்கப் போனால் கன்னத்தில் ஒட்டிக் கீழே எங்கோ விழுந்தது. ஒரு கண்ணில் ரன்வே தெளிவாக, இன்னொரு கண்ணில் ஓரம் கரைந்து. இரண்டும் சேர்ந்து தலை சுற்றல்.

"யூ ஹேவ் கன்ட்ரோல் சார். லென்ஸ் விழுந்துடுச்சு." அதை மட்டும் சரியாகச் செய்தேன்.

அவர் விமானத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். "கண்ணாடிய போட்டுக்கோ."

"இல்ல சார்."

பூ மாதிரி இறக்கினார். பயணிகள் எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்தார்.

"காலைல கேட்டேனே?"

"எங்கம்மா எடுத்து வச்சுட்டாங்க சார். பொண்ணு பார்க்க வந்தாங்க, அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு..."

"அம்மாவா எங்கிட்ட இருக்குன்னு சொன்னாங்க?"

குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

சென்னையிலிருந்து வேறொரு கோ-பைலட் வரும்வரை விமானம் நின்றது. திரும்பும்போது நான் கடைசி வரிசையில், பயணியாக, யூனிஃபார்மோடு. பக்கத்து சீட்டுக்காரர்: "ஏன் மேடம் இவ்ளோ லேட்டு?"

"டெக்னிக்கல் ப்ராப்ளம் சார்."

ஒரே நாளில் இரண்டாவது பொய். அதுவும் சிரித்துக்கொண்டே.

மே 8, வியாழன்

ஆம்பூர். கேப்டன் ரிப்போர்ட் கொடுத்துவிட்டார். கொடுக்காமல் விட மாட்டார், விடவும் கூடாது. திங்கட்கிழமை ஆபீஸில் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அதுவரை பறக்க முடியாது. அதற்குப் பிறகும் முடியுமா, தெரியாது. வீட்டில் லீவு என்று சொல்லியிருக்கிறேன். அம்மா எதிர்வீடு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்: "பொண்ணு கேட்டா உடனே லீவு குடுத்துட்றாங்க, அவ்ளோ மரியாதை."

குடியாத்தத்தில் சம்மதம். ஞாயிறு பூ வைக்க வருகிறார்கள். வீடே சிரிக்கிறது. நான் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஆபீஸில் சொல்ல வேண்டியதை முணுமுணுத்துப் பார்க்கிறேன். எப்படி ஆரம்பித்தாலும் 'எங்க அம்மா' என்றுதான் ஆரம்பிக்கிறது. என்ன பெண் நான்.

மே 9, வெள்ளி

மேகம் கூடியது, பெய்யவில்லை. புழுக்கம். பூக்காரருக்குச் சொல்லியாயிற்று. ரவை 2 கிலோ, முந்திரி.

அம்மாவிடம் கேட்டேன், கண்ணாடிக்கு ஏன் இவ்வளவு பயம் என்று. வாழைப்பூ உரித்துக்கொண்டே சொன்னாள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற செக்ஷனில் அவள் இருந்தபோது, கண் தெரியாமல் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று தெரிந்தால் மெஷினிலிருந்து எழுப்பி, நூல் வெட்டுகிற டேபிளில் உட்காரவைத்துவிடுவார்களாம். அதனால் நூல் அறும்போதெல்லாம் பக்கத்து மெஷின்காரி யாரும் பார்க்காமல் எட்டி, அம்மாவின் மெஷின் ஊசியில் கோத்துக் கொடுத்துவிடுவாளாம்.

"கண்ணாடிய பையிலயே வெச்சிருந்தேன். ஒரு நாளும் உள்ள போட்டதில்ல. ஒரு தபா ஊசி வெரல்ல ஏறிடுச்சி. அப்பவும் சொல்லல." விரலைக் காட்டினாள். "கண்ணாடின்னா கீழ எறக்கிடுவாங்க பாப்பா. எல்லா எடத்துலயும் அப்டித்தான்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை நடந்ததை. வாழைப்பூவை நறுக்கக் கொடு என்று வாங்கிக்கொண்டேன்.

மே 11, ஞாயிறு

எல்லோரும் போய்விட்டார்கள். வீடு முழுக்க மல்லிகை, தலைவலி.

காலையில் நானே பீரோவைத் திறந்து புடவைக்கு அடியிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அம்மா பார்த்ததும் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். "இன்னிக்கு ஒரு நாளு பாப்பா. பூ வெச்சிட்டா அப்புறம் இன்னா வேணா போட்டுக்க."

"மாட்டேம்மா." காரணம் சொல்லவில்லை. தைரியம் அவ்வளவுதான்.

கூடத்துக்குப் போய் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா பூச்சரத்தைக் கையில் எடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். "இது இன்னாம்மா, கண்ணாடி?"

கூடத்தில் அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். சொல்லத்தானே போட்டுக்கொண்டு வந்தேன். வாய் திறந்தால் 'வெயிலுக்கு' என்றுதான் வரப் பார்த்தது. நிஜமாக. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

பின்னாலிருந்து அம்மா பேசினாள்.

"கண்ணாடி போட்ற பொண்ணுதாங்க. வேலைக்கு அதனால ஒண்ணும் இல்ல. அன்னிக்கு நாந்தான் கழட்டச் சொன்னேன், நாந்தான் எடுத்து ஒளிச்சி வெச்சேன். அது மேல தப்பு இல்ல. நீங்க யோசிக்கணும்னா யோசிச்சிக்கங்க." தலை குனியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா பூச்சரத்தைக் கையில் இன்னொரு தடவை மடித்தார். பிறகு அந்த அம்மாள், "இதுக்குப் போயி யாராச்சும் ஒளிப்பாங்களா, இன்னாங்க நீங்க" என்று சொல்லிவிட்டு என் தலையில் பூவை வைத்தார்.

அம்மா எடுத்து வைத்தாள். செவ்வாய்க்கிழமை நான் கேப்டனிடம் சொன்னதும் இதையேதான். நான் தப்பிப்பதற்காகச் சொன்னேன். அம்மா என்னைத் தப்புவிக்க, சம்பந்தம் போனாலும் போகட்டும் என்று, ஊர் முன்னால் சொன்னாள். அவளை நான் ஏற்கெனவே ஒரு தடவை முன்னால் தள்ளிவிட்டேன் என்று அவளுக்குத் தெரியாது.

நாளை காலை சென்னை. 'இல்லைன்னு தெரிஞ்சேதான் இருக்குன்னு சொன்னேன்.' இதை மட்டும் சொல்ல வேண்டும். அம்மா பெயர் வரக் கூடாது.

பூ வைத்த பிறகு அவர்கள் கிளம்பும்வரை என்னால் தலையைத் தூக்கவே முடியவில்லை. பொண்ணுக்கு எவ்ளோ கூச்சம் பாரு என்று எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்.