என் தபால் பெட்டியில் கீறிய கை

நவம்பர் 6, புதன்
விடிந்ததும் மூன்று வீடுகளில் இன்சுலின் ஊசி. திரும்பி வந்து கீழ்த்தளத்தில் தபால் பெட்டியைத் திறக்கப் போனேன். 'கொரின் ஸெர்பிப், செவிலி' என்ற பெயர்மேல் ஆணியால் ஆழமாகக் கீறியிருந்தது: யூத நாயே, வெளியே போ. பக்கத்துப் பெட்டிகளில் ஒரு கோடுகூட இல்லை.
நதேஜ் ஓடி வந்தாள். இந்தக் கட்டடத்தில் எனக்குப் பதினோரு வருடத் தோழி. "ஐயோ, யாருடி இப்படிப் பண்ணது? அழாத, வா, காப்பி போடறேன்."
நான் அழவில்லை. அழுதேனா?

நவம்பர் 7
போலீசில் புகார் கொடுத்தேன். "சின்னப் பசங்க வேலையா இருக்கும், மேடம்."
ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் கீறுகிற பசங்களா? இந்த லியோன் நகரத்திலா?

நவம்பர் 12
விஷயம் பரவிவிட்டது. நோயாளி ஒருவர், ஊசிக்குக் கையை நீட்டியபடி: "நீங்க யூதரா? நம்பவே முடியல. இவ்வளவு நல்லவங்களா இருக்கீங்களே!"
பாராட்டாம்.
அடுத்த மூச்சில், "அங்க நடக்குற சண்டைக்கு உங்க ஆளுங்க என்ன சொல்றாங்க?"
நான் பிறந்தது இந்த ஊர் ஆஸ்பத்திரியில். என் ஆட்கள் என்றால் என் மகன், என் பூனை. பூனை ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 19
கேமராப் பதிவைப் போலீஸ் காட்டியது.
தெவெனூ. இரண்டாம் மாடி, ஓய்வுபெற்ற ஆசிரியர். நான்கு வருடமாக அவர் மனைவி இவெத்தின் கால் புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்றுவது நான். நேற்றுக்கூட எனக்காக வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரித்தார்.

நவம்பர் 20
கட்டு மாற்றப் போனேன். புண்ணுக்கு இதெல்லாம் தெரியுமா?
கதவைத் திறந்தவர் என் காலணியைப் பார்த்தே பேசினார். "உங்கள நெனச்சு எழுதல, கொரின். டிவியப் பார்த்து வந்த கோபம். நீங்க வேற, அவங்க வேற."
"அந்தப் பெட்டி யாரோடது, ஐயா?"
ஒதுங்கி வழிவிட்டார்.
உள்ளே இவெத், "என்னம்மா, இன்னிக்குக் கை இப்படிச் சில்லுனு இருக்கு?" அவளுக்கு எதுவும் தெரியாது. வெளியே குளிர் என்றேன்.

நவம்பர் 24
குடியிருப்போர் கூட்டம். "வயசானவர். பொண்டாட்டி படுத்த படுக்கை. கோர்ட்டுக்கு இழுத்தா நல்லாவா இருக்கும்?" என்றார் தலைவர். இருபது பேர் தரையைப் பார்த்தார்கள்.
வெளியே வந்ததும் நதேஜ், "புகாரை வாபஸ் வாங்கிடேன், கொரின். கட்டடத்துல எல்லார் நிம்மதியும் போச்சு."
"அவர் இன்னும் ஒரு மன்னிப்புக்கூடக் கேக்கல, நதேஜ்."
"நீ ஏன்தான் இவ்வளவு பிடிவாதமோ!"
என் நிம்மதியைப் பற்றி யாராவது... யாருமே கேட்கலையே. ஒருத்தர்கூட.

நவம்பர் 25
வாபஸ் வாங்கவில்லை.

டிசம்பர் 3
இவெத்துக்கு வேறு செவிலி வருகிறாளாம். நான் விலகவில்லை, தெவெனூ மாற்றிக்கொண்டார். புதியவள் கட்டை இறுக்கிவிடக் கூடாது. அந்தக் கால் தாங்காது.

டிசம்பர் 11
லிஃப்டில் நான் மட்டும். நதேஜும் இன்னும் இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். நிறைய இடம் இருந்தது. பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.
"பரவாயில்ல, நீங்க போங்க. நாங்க படியில வர்றோம்" என்றாள் நதேஜ்.
பதினோரு வருடத்தில் முதல் 'நீங்க'.
அவள் இரண்டு கையிலும் காய்கறிப் பைகள். அவள் வீடு ஏழாவது மாடியில்.