ராஜசேகரன் சாரின் ஆளில்லா விமானம்

பட்டாபிராம்
10.2.2025

என் ஆசை தாட்சாயிணிக்கு,

உன் தசரதன் எழுதிக்கொள்வது. நான் நலம், ஷேர் ஆட்டோவும் நலம், மீன் குழம்புதான் நலமில்லை. நானே வைக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பேனாவை விட்டவனைக் கடிதம் எழுத வைத்துவிட்டதே உன் கம்பெனி! பொண்டாட்டியை ஓசூர் பக்கம் கூட்டிக்கொண்டு போய், உள்ளேயே தங்கவைத்து, போனையும் கேட்டிலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்களாம். ஸ்டாண்டில் கோபி கேட்கிறான், "இன்னா அண்ணாத்தே, அண்ணி பிளேன் ஓட்டுதா?" ஆவடியில் யூனிபாரம் தைத்தவளுக்கு விமானத்தில் என்ன வேலை, நான் என்ன சொல்ல?

அது இருக்கட்டும். போன கடிதத்தில் வந்த ராஜசேகரன் சார் யார்? மீசை உண்டா? அதை முதலில் எழுது.

உன் வீட்டுக்காரன்,
தசரதன்


ஓசூர்
18.2.2025

அன்பு மாமாவுக்கு,

மீசை உண்டு. போதுமா? அவர் எங்கள் சூப்பர்வைசர்.

கார்பன் துணியை வெட்டி அச்சில் அடுக்குவது என் வேலை. அதுதான் விமானத்தின் உடம்பு. ரேடார் அலையை அனுப்பிவிட்டு, அது மோதித் திரும்புகிறதா என்று காத்திருக்குமாம். திரும்பாவிட்டால் விமானம் இருப்பதே தெரியாது. அதனால் வாலறுத்த திருக்கை மீன் மாதிரி செய்கிறோம், அலை பக்கவாட்டில் தெறித்து ஓடிவிடும். மிச்சத்தை மேல்பூச்சு விழுங்கும். ஆள் ஏறினால் தலைக்குக் கூண்டு வேண்டும், கண்ணாடி வேண்டும், அலை அதில் மோதும். ஆளே இல்லாததால் முதுகு வழவழ. கதவு ஓரம்கூட நேராக இருக்காது, என் ஜிக்ஜாக் கத்தரியில் வெட்டினது போல பல் பல்லாக இருக்கும். "இது உன் கைக்குத்தாம்மா வரும்" என்றார் ராஜசேகரன் சார். எத்தனை மறைத்தாலும் என்ஜின் சூடு பின்பக்கம் காட்டிக்கொடுக்குமாம், அதனால் ஆற்றி ஆற்றித்தான் வெளியே விட வேண்டும் என்கிறார். இதெல்லாம் புத்தகத்திலேயே இருப்பதுதான். நிஜ ரகசியத்தை என்னிடம் சொல்வார்களா?

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, வீட்டு மனிதர்கள் வந்து பார்க்கலாம். நான் தைத்த மஞ்சள் சட்டையில் வா. ஒரு நல்ல சேதி இருக்கிறது. நேரில்தான் சொல்வேன்.

தாட்சாயிணி


பட்டாபிராம்
12.3.2025

தாட்சாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வர முடியவில்லை. காய்ச்சல். பூந்தமல்லி வரை வந்து பஸ் ஏறாமலே திரும்பிவிட்டேன். உனக்கென்ன, ஆறுதல் சொல்ல அங்கே ஆள் இருக்கிறது. ஆளில்லா விமானம் என்று எழுதுகிறாய், வரிக்கு வரி ஒரு ஆள் ஏறி உட்கார்ந்திருக்கிறாரே!

இன்னொன்று. நீலச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு நடக்கிற ஆண்களை நம்பாதே. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

தசரதன்


ஓசூர்
18.3.2025

மாமா,

காய்ச்சல்காரனுக்கு எங்கள் கேட்டுக்கு எதிர் டீக்கடைத் தூணுக்குப் பின்னால் என்ன வேலை? தூண் உன் மூக்கைத்தான் மறைத்தது. மஞ்சள் சட்டையில் என் கைத் தையல் எனக்குத் தெரியாதா? "மாமா"ன்னு கத்தினேன், நீ பஸ்ஸில் தொற்றிக்கொண்டாய்.

அந்த நீலச் சட்டைக்காரர்தான் ராஜசேகரன் சார், உன்னைப் பார்க்கத்தான் என்னோடு கேட் வரை வந்தார். கம்பெனி வேனுக்கு டிரைவர் தேடினார்கள், தம்பதிகளுக்கு வீடும் உண்டு. நேரில் சொல்ல வைத்திருந்த நல்ல சேதி அதுதான். ஒரு மாதமாக அவரிடம் உன்னைப் பற்றியே பேசினேன். அவரோடு கேட்டுக்கு நடந்து வரும்போது நான் சிரித்ததும் நீ சொன்ன ஜோக்கைச் சொல்லித்தான்.

மறுநாளே வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சம்மதமா என்று என்னைக் கேட்டிருந்தார்கள். உன்னைக் கேட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கோபமில்லை என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை.

தாட்சாயிணி


பட்டாபிராம்
23.3.2025

தாட்சா,

ஸ்டாண்டில் வைத்துப் படித்தேன். "அண்ணாத்தே, கண்ணுல இன்னா கீது?" என்றான் கோபி. "உன் வண்டிப் புகைதான்டா, போய் சர்வீஸ் உடு" என்றேன்.

ஒரு வருஷம் இரு. நீ வெட்டும் பல்லை வேறு யார் வெட்டுவது? எனக்கு இன்னும் சூடு ஆறவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மஞ்சள் சட்டையைத் துவைத்து வைத்துவிட்டேன். வீட்டு மனிதர்களை விடும் அடுத்த ஞாயிறு எது என்று எழுது. கேட்டுக்கு நேராக வந்து நிற்கிறேன், உன் வாட்ச்மேன் துரத்தினாலும் நகர மாட்டேன்.

சாரும் வரட்டும். என் ஜோக்குகளை அவரிடம் சொல். எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிடாதே. நல்லதாக இரண்டு மூன்றை நமக்கென்று வை.

உன்,
தசரதன்