பயமுறுத்த ஆசைப்பட்டவளுக்கு

இன்று மதியம் கேரியரைத் திறக்கும்போது, ஆபீஸில் இப்போது உன் நாற்காலியில் உட்காரும் பெண் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அக்கா, இது உங்க ஃப்ரெண்டு நடிச்ச படம்தானே?" திவ்யா எடுத்த பேய்ப் படத்தைப் பார்த்துவிட்டு எவனோ ஒரு புண்ணியவான் அபிப்பிராயம் எழுதியிருந்தான். 'கதை சுமார். பேயின் மேக்கப் மட்டும் அபாரம். மேக்கப் போட்டவருக்கு ஒரு சலாம்.' பதில் எழுத விரல் பரபரத்தது. எழுதவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

ட்ரீட்மென்ட்டில் முடியெல்லாம் கொட்டிய பிறகு, உன்னைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான் வாயில் வந்தது. சர்ச் வாசலில் பாவம், பஸ்ஸில் இடம் கொடுத்தவள் பாவம், மருந்துக் கடைக்காரர்கூடப் பாவம். நானும் சளைத்தவள் இல்லை. ஆஸ்டின் டவுனிலிருந்து காக்ஸ் டவுனுக்குத் தினமும் ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து தூக்கிக்கொண்டு வந்தேன். "எனக்குப் பல்லு இருக்குடி!" என்று ஒருநாள் எரிந்து விழுந்தாய். மறுநாளும் பிசைந்துதான் கொண்டுவந்தேன்.

உன் மாடியில் குடியிருந்த திவ்யா வாரமெல்லாம் கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறு படம் என்று திரிந்தவள். செத்த பிறகும் வாடகை வீட்டைக் காலி செய்ய மறுக்கும் ஒரு பொம்பளையின் கதை அவளுடையது. ஷூட்டிங்குக்கு உன் சமையலறையைத்தான் கேட்டாள். நீயோ பேய் வேஷத்தையே கேட்டாய்!

"உனக்கென்ன பைத்தியமா? இந்த உடம்போடயா?" என்று சண்டை போட்டேன்.

"எல்லாரும் என்னைப் பாத்துப் பாவம்னுதான் சொல்றாங்க. ஒருத்தராச்சும் பயந்து அலறணும்டி. என்னால இன்னும் ஒண்ணு முடியும்னு எனக்குத் தெரியணும்."

 

முதல் நாள் திவ்யா மேக்கப் பெட்டியைத் திறந்தாள். உன் தலையை, கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பை, கழுத்தெலும்பைப் பார்த்தாள். "ஆண்ட்டி, உங்களுக்கு ஒண்ணும் பேடா" என்று தன் கன்னடத் தமிழில், மேக்கப்பே வேண்டாம் என வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நீ அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் லைட் பிடித்திருந்த பையனும் சிரித்துவிட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

படம் முடிவதற்குள் நீ போய்விட்டாய். ஆரம்பத்திலேயே உன் போட்டோவைப் போட்டு, உன் நோயைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும் என்றாள் திவ்யா. நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

"அதைப் போட்டா எல்லாரும் உச்சுக் கொட்டிக்கிட்டேதான் படம் பார்ப்பாங்க. கடைசில பேர் மட்டும் போடு."

"அவங்களுக்கு ஒரு மரியாதை வேணாமா ஆண்ட்டி?"

"அவ கேட்ட மரியாதை இதுதாம்மா."

அழுதுகொண்டேதான் ஒத்துக்கொண்டாள். நான் செய்தது சரியா என்று பல நாள் எனக்கே சந்தேகமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்ன ஹால் ஒன்றில் போட்டுக் காட்டினார்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பாதிப் படம் இழுவை. கதவு திறந்தால்கூட இடி இடிக்கிற மாதிரி சத்தம். மந்திரவாதியாக வந்தவனைப் பார்த்தால் சிரிப்புதான் வந்தது. ஆனால் நீ அடுப்படியிலிருந்து மெல்லத் திரும்பி, முக்காட்டை விலக்கி, "நான் காலி பண்ண மாட்டேன்" என்றாயே, முன்வரிசை மொத்தமும் அலறியது. என் பக்கத்தில் இருந்த தடியன் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டான். ஜெயித்துவிட்டாயடி. அந்த ஹாலில் ஒருவர்கூட உன்னைப் பாவம் என்று சொல்லவில்லை.

நான் சொல்லிவிட்டேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்தியும் மீறி வந்துவிட்டது, "ஐயோ பாவம்" என்று. அத்தனை பேரில் நான் ஒருத்திதான். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பேய்ப் பட போஸ்டரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் நான், உனக்குத் தெரியும். அப்படியும் இந்தப் படத்தை வீட்டில் தனியாக உட்கார்ந்து நாலு தடவை பார்த்துவிட்டேன், உனக்காகவாவது ஒரு தடவை பயந்துவிட வேண்டும் என்று. முடியவில்லையடி.